வாசல் சோதனை

காலையில் கம்பெனி வேன் வந்து நின்றதும் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கி, கேட்டுக்கு இடதுபக்கம் வரிசை கட்டினார்கள். எல்லார் சேலைக்கு மேலேயும் ஓர் ஆம்பளைச் சட்டை. புருஷனோ தம்பியோ காலர் கிழிந்து கழித்துப் போட்டது. பட்டாசு மருந்துத் தூள் மேலே படாமலிருக்க அதுதான் காப்பு. அழகுமீனா கேட்டுத் தூணை ஒட்டி நின்றுகொண்டு ஒருத்தியின் சட்டைப் பைகளைத் துழாவினாள். இடுப்பு மடிப்பைத் தடவி, கொண்டையை அமுக்கிப் பார்த்து, தூக்குச் சட்டியைத் திறந்து மூடி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விட்டாள். அதற்குள் அடுத்தவள் கைகளை விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யக்கா, மெதுவா. கூசுது."

"கூசுதா? ஒன் வீட்டுக்காரர்கிட்டப் போயி இப்படிச் சொல்லு, நம்புவாக."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. வலதுபக்கம் ஆண்கள் வரிசையில் வாட்ச்மேன் தாத்தா பீடி வாசனை வருகிறவனை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களைத் தோளில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். லோடுமேன்கள் அவரிடம் நின்றதே கிடையாது. லாரி வந்தால் லாரியோடு உள்ளே போவார்கள், லாரியோடு வெளியே வருவார்கள்.

தாயில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் இருந்த அந்தப் பட்டாசு ஆலையில், தீப்பெட்டியோ பீடியோ உள்ளே போகாமல் பார்க்கிற இதுதான் அழகுமீனாவுக்கு வேலை. முன்பு மருந்து செலுத்துகிற ஷெட்டில் இருந்தாள். ஒரு நாள் பக்கத்து மேடையில் தீப்பற்றி, அவள் வலது முழங்கையிலிருந்து கீழே தோல் சுருங்கி, இரண்டு விரல் மடங்காமல் போனது. நஷ்டஈடு என்று பெரிதாக எதுவும் வரவில்லை. "கேட்டுல செக்கிங் பாக்கட்டும்" என்று முதலாளி சொன்னார், அதையே பெரிய உபகாரமாகச் சொல்லிக் காட்டவும் செய்தார்கள். இந்த வேலை போனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எந்த ஷெட்டிலும் அவளை உட்காரவிட மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், போர்மேன் ராக்கப்பனுக்கும் தெரியும்.

பெண்கள் வரிசையின் கடைசியில் மாரி நின்றிருந்தார். பெற்றவர்கள் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டு மாரியப்பன் என்று பெயர் வைத்தார்கள். மாரி அதில் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். கைலி, சட்டை, அள்ளி முடிந்த கூந்தல், காதில் சின்னக் கடுக்கன், மோவாயில் சவரம் செய்த பச்சை. சரவெடி பின்னுகிற ஷெட்டில் பெண்களோடு உட்கார்ந்து வேலை. வந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிற முத்துப்பேச்சி வாய் பொறுக்காமல் கேட்டேவிட்டாள், நீ ஆம்பளையா பொம்பளையா என்று. "நான் மாரி. சரம் பின்னுதேன், சம்பளம் வாங்குதேன். இதுக்கு மேல என்ன தெரியணும் ஒங்களுக்கு?" என்று மாரி சிரித்துக்கொண்டே கேட்டார். முத்துப்பேச்சிக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் அலுமினியத் தூள் அப்பி வெளியே வரும்போது எல்லாரும் ஒரே வெள்ளி நிறமாகத்தான் வருவார்கள், யார் எவர் என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

முதலில் மாரி ஆண்கள் வரிசையில்தான் நின்றார். அங்கே பாண்டிச்செல்வம் என்கிற லோடுமேனும் அவன் கூட்டாளிகளும் "நல்லாத் தடவிப் பாருங்க தாத்தா, உள்ள என்னதான் இருக்குன்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்று கத்துவார்கள். வாட்ச்மேன் நெளிவார். மாரி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் மேனேஜர்தான் ஒரு வழி சொன்னார்: பொம்பளைகளோடுதானே உட்காருகிறது, பொம்பளைகள் வரிசையிலேயே வரட்டும். பெண்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பேசாமலே எதிர்த்தது அழகுமீனாவின் கைதான். எல்லாரையும் தடவுகிற கை மாரியிடம் மட்டும் நீளவில்லை. அருவருப்பு என்று சொன்னால் அது பொய். பயமும் இல்லை. நாலு பேர் பார்த்து என்ன சொல்வார்களோ என்கிற கூச்சம்தான், வேறென்ன. "சரி சரி, போ" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவாள். மாரி தானாகவே சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டு உள்ளே போவார். அப்படி உதறுகிற நேரத்தில் அழகுமீனாவுக்கு முகம் சுடும். மறுநாளும் அதையேதான் செய்வாள்.

அன்றைக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. பாதுகாப்பு ஆபீசர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்து, மேனேஜரே கேட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மீனா, ஒருத்தரையும் சும்மா விடாத. கைய வச்சுப் பாரு" என்றார்.

மாரி வந்து நின்றார். வழக்கம்போலப் பையை இழுக்கப் போன கையை அழகுமீனா தடுத்தாள். "இரு, நான் பாக்கேன்."

மேல்பை. பக்கத்துப் பைகள் இரண்டு. இடுப்பில் கைலிச் சுருட்டு. கூந்தல் முடிச்சு. எல்லாம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. அதே வேர்வை, அதே தேங்காயெண்ணெய், எத்தனை தேய்த்தாலும் போகாத அதே மருந்து நெடி. மாரி கைகளை விரித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பைகளில் ஒன்றும் இல்லை. அழகுமீனா மற்றவர்களுக்குத் தட்டுவதுபோலவே முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மாரி கண்ணைத் திறந்தார். "யக்கா, இன்னைக்குத்தான் நானும் இந்தக் கம்பெனி ஆளாயிருக்கேன்."

"போ போ, வாயடிக்காத" என்றாள் அழகுமீனா. ஆனால் மனசுக்குள் நொந்துகொண்டாள். இந்தச் சின்னக் காரியத்தையா இத்தனை நாள் ஒரு மனுசருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோம் என்று இருந்தது.

ஆய்வு மதியத்துக்கு முன்பே முடிந்து, ஆபீசர்கள் ஜீப்பில் ஏறிப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டடியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்குத் தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வெடிச் சத்தமாக இருந்தால் எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடி வந்திருப்பார்கள். யாரும் ஓடி வரவில்லை. அவள்தான் எச்சில் கையோடு உள்ளே ஓடினாள்.

பெண்கள் கைகழுவுகிற குழாயடியில் மாரி விழுந்து கிடந்தார். சட்டை கழுத்திலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. கைலி அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. பாண்டிச்செல்வத்தின் கூட்டாளி ஒருவன் மாரியின் காலை மிதித்துக்கொண்டிருந்தான். "பொம்பளைக குளாயில ஒனக்கு என்னலே சோலி? காட்டுலே, என்னன்னு காட்டு" என்று சொல்லிக்கொண்டே பாண்டிச்செல்வம் தோளில் உதைத்தான். எலும்பு முறிகிற சத்தம் அழகுமீனாவுக்கே கேட்டது. சரம் பின்னுகிற பெண்கள் கொஞ்சம் தள்ளிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முத்துப்பேச்சி மட்டும் தன் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடுவே பாய்ந்து மாரியின் மேல் போட்டாள்.

"என்னலே நடக்கு இங்கன?" என்று போர்மேன் ராக்கப்பன் வந்தார். பாண்டிச்செல்வம் அவர் அக்கா மகன்.

பாண்டிச்செல்வம் மாமனைப் பார்த்தான், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தன் டவுசர் பைக்குள் விட்டு எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான். ஒரு தீப்பெட்டி. "இவன் சட்டையில இருந்துச்சு மாமா. சோதிச்சோம். திமிறுனான்."

அவன் எந்தப் பையிலிருந்து எடுத்தான் என்பதை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அழகுமீனாவும்தான் திறக்கவில்லை.

கீழே விழுந்துவிட்டார் என்று சொல்லி கம்பெனி வேனில் மாரியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வார்டில் இருந்த ஹெப்சிபா சிஸ்டருக்கு விழுந்து அடிபடுவதும் மிதிபட்டு அடிபடுவதும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாரியிடம் கேட்டார். தோள்பட்டை எலும்புக்குக் கட்டுப்போட்டு முடித்ததும் மாரி எல்லாவற்றையும் சொன்னார். "ஒங்கள மாதிரி ஆளுகள இப்படிச் செஞ்சா அதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு. புகார் குடுக்கணும். நான் கூட வாரேன்" என்றார் சிஸ்டர்.

மறுநாள் முத்துப்பேச்சி அழகுமீனாவின் வீட்டுக்கு வந்தாள். "மாரி புகாருல ஒன் பேரச் சொல்லிருக்கு. வேற யாரு பேரையும் சொல்லல, அவுக அவுக பொழப்பு போயிரும்னு. காலையில மீனாக்கா என்னையச் சோதிச்சாக, பையில ஒண்ணும் இல்லன்னு அவுகளுக்குத் தெரியும்னு சொல்லிருக்கு. நீ உள்ளதச் சொன்னாப் போதும். சொல்லலைன்னா, பட்டாசுக் கம்பெனிக்குள்ள தீப்பெட்டி கொண்டாந்ததா மாரி மேலயே கேசு திரும்பிரும்."

"சொல்லுதேன்" என்றாள் அழகுமீனா. யோசிக்காமல்தான் சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள்.

அவள் புருஷன் நாகையா திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் காலண்டர் கட்டுகிறவர். அன்றைக்கு வேலைவிட்டு வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"டீக்கடையில ஒரு பேச்சு பேசுதாக."

"என்னன்னு?"

"ஓம் பொண்டாட்டி கம்பெனி வாசல்ல ஆம்பளையத் தடவித் தடவி உள்ள விடுதாளாமேன்னு." அவர் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் உயர்த்துகிறவரும் இல்லை. "நீ தொட்டியா?"

"வேலைதான. மேனேஜரு சொன்னாரு. மாரி ஆம்பளை இல்லங்க."

"பின்ன பொம்பளையா?"

அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். நாகையா சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு தப்பும் செய்யாதவளுக்குத் தப்புச் செய்தவள்போல உடம்பெல்லாம் கூசியது. பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு கைகளையும் அவளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட அன்று ராக்கப்பன் பைக்கில் வந்து இறங்கினார். மிரட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"உள்ளதச் சொல்லு தாயி, நான் வேண்டாங்கல. ஆனா யோசிச்சுக்க. நீ சோதிச்சு விட்டேன்னு சொன்னா, அப்புறம் தீப்பெட்டி எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு கேப்பாக. லோடுமேன்களச் சோதிக்கலைன்னு ஆகும். கம்பெனிய மூடிருவாக. சீசன் நேரம், எம்புட்டுக் குடும்பம் நம்பி இருக்கு! அந்த ஒரு ஆளத் தொடக் கூச்சப்பட்டு விட்டுட்டேன்னு சொல்லு. பொம்பளை, கூச்சப்படுறது சகஜம்னு விட்டுருவாக. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

"நான் தொட்டேன் அண்ணாச்சி. எல்லாருக்கும் முன்னாலதான தொட்டேன்."

"மேனேஜரு பாக்கலைன்னு சொல்லுதாரு" என்றார் ராக்கப்பன். "வண்டியில ஏறு. நாகையா, நீரும் வாரும், பொம்பளையத் தனியா அனுப்பக் கூடாது."

வழியெல்லாம் அழகுமீனா சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சோதிச்சேன் ஐயா, பையில ஒண்ணும் இல்ல ஐயா. இவ்வளவுதான். வேலை போனால் போகட்டும், வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு தைரியம் வந்திருந்தது.

ஸ்டேஷனில் மின்விசிறி ஓடியது, காற்றுதான் வரவில்லை. மாரி சுவரோரம் பெஞ்சில் இடது கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஹெப்சிபா சிஸ்டர், டூட்டி முடிந்து வந்த வெள்ளை உடையோடு. எதிர்ப்பக்கம் பாண்டிச்செல்வமும் அவன் ஆட்களும் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். அழகுமீனாவைப் பார்த்ததும் மாரி எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். வந்துட்டீகளா யக்கா என்று அந்த ஆட்டலுக்கு அர்த்தம்.

ரைட்டர் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் தட்டினார். "முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஆம்பளைன்னு எழுதவா, பொம்பளைன்னு எழுதவா?"

ஹெப்சிபா சிஸ்டர் மாரியின் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மூன்றாம் பாலினம்னு அரசாங்கமே குடுத்திருக்கு சார். அதையே எழுதுங்க."

"திருநங்கையா?"

"இல்ல சார்" என்றார் மாரி.

"அப்ப எதிர்ப்பதமா? திருநம்பியா?"

"அதும் இல்ல சார். என்னைய எதுலயும் சேக்க வேண்டாம். மாரின்னு எழுதுங்க, போதும்."

"எனக்குப் போதாதே. என்னன்னே தெரியாத ஆள யாரோ அடிச்சாகன்னு நான் எப்படி எழுத?" ரைட்டர் எதிரே நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். பாண்டிச்செல்வத்தின் ஆட்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எஸ்.ஐ. உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இளம் வயதுக்காரர், முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. இரண்டு தரப்பும் சொன்னதை ரைட்டர் வாசித்துக் காட்டினார். எஸ்.ஐ. காதைக் குடைந்துகொண்டு கேட்டார். "எல்லாம் அந்தத் தீப்பெட்டியிலதான் நிக்கு. செக்கிங் பண்ற அம்மா யாரு? வாங்க இங்க. அன்னைக்குக் காலையில இவரச் சோதிச்சீங்களா? நேராக் கேக்கேன், நேரா சொல்லுங்க."

அழகுமீனா முன்னால் வந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் வாய்க்கு வந்துகொண்டுதான் இருந்தன. அதற்குள் ரைட்டர் குறுக்கிட்டார்.

"சோதிச்சேன்னா எப்படிம்மா? விவரமாச் சொல்லணும், எழுதணும்ல. சும்மா பாத்தியா, தொட்டுப் பாத்தியா?"

"அது..."

"தொட்டேன்னா எங்கெங்க தொட்டே? மேல மட்டுமா, இடுப்புலயுமா? கைலிக்குள்ள கைவிட்டியா? உள்ள என்னன்னு தெரிஞ்சுதான் தொட்டியா, தெரியாமத் தொட்டியா?"

பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள். அதற்கு இன்னொருவன் "சொல்லட்டும், நமக்கும் தெரிய வேண்டாமா" என்றான். சிரிப்பு வெடித்தது. எஸ்.ஐ. "ஏய்" என்று ஒரு அதட்டு அதட்டினார், ஆனால் அவர் உதட்டோரமும் கொஞ்சம் நெளிந்தது. அழகுமீனா திரும்பிப் பார்த்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நாகையா நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ராக்கப்பன் சொன்னது எதுவும் அப்போது அவள் நினைவில் இல்லை. கம்பெனியும் சீசனும் வேலையும் எங்கோ போய்விட்டன. இத்தனை ஆம்பளைகள் முன்னால் நான் தொட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு தெருவில் எப்படி நடப்பது, இந்த மனுசனுக்கு எப்படிச் சோறு போடுவது? புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"இல்லங்கய்யா."

"என்ன இல்ல?"

"நான் தொடல. எப்பவும் தொட மாட்டேன் ஐயா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அதைப் போயி நான் எதுக்குங்கய்யா தொடப் போறேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாருக்கும் திருப்தி. நாகையா தலையை நிமிர்த்தினார். ரைட்டர் விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார்.

மாரி பொய் என்று கத்தியிருக்கலாம், என் முதுகில் தட்டினீகளே யக்கா என்று கேட்டிருக்கலாம். அழகுமீனா அதற்குத்தான் பயந்துகொண்டு நின்றாள், பிறகு அது நடக்காதா என்று ஏங்கிக்கொண்டும் நின்றாள். மாரி வீங்காத கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் பார்த்தார். தினமும் கேட்டில் அழகுமீனா எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ அப்படித் திருப்பிக்கொண்டார்.

ஹெப்சிபா சிஸ்டர்தான் எழுந்தார். "சார், தீப்பெட்டி இருக்கட்டும். எலும்பு முறிஞ்சது பொய்யா? துணிய அவுத்து மிதிச்சது பொய்யா? நானே பாத்து ரிஜிஸ்டர்ல எழுதிருக்கேன்."

"அதையும் விசாரிப்போம் சிஸ்டர். யாரு இல்லன்னா? ஆனா சோதனை இல்லாம உள்ள போயிருக்காரு, தீப்பெட்டி கெடைச்சிருக்கு, அத்தன ஜனம் வேலை பாக்குற எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா? கூட வேலை பாக்குறவங்க பதறிப்போய்ப் பிடிச்சிருக்காங்க. பிடிக்கும்போது கொஞ்சம் முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்."

"நான் நாளைக்குச் சூலக்கரைக்கே போறேன் சார். கலெக்டர்கிட்ட மனு குடுக்கேன்."

"குடுங்க. நல்லது." எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு மாரியைக் காட்டினார். "இவரு இன்னைக்கு இங்கன இருக்கட்டும். நீங்க போயிட்டுக் காலையில வாங்க."

சிஸ்டர் மாரியிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பாண்டிச்செல்வமும் ஆட்களும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். படியிறங்கும்போதே ஒருவன் இன்னொருவன் தோளில் கைபோட்டு ஏதோ சொல்ல, வாசலில் மறுபடி சிரிப்புக் கேட்டது. ராக்கப்பன் அழகுமீனாவிடம் வந்து "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு தாயி" என்றார். நாகையா "வா" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் கனிவாகப் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரைட்டர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் இரு. உள்ள வைக்கிறதுக்கு முன்னால ஆளச் சோதிச்சு எழுதணும். லேடி கான்ஸ்டபிள் எல்லாம் கோயில் பந்தோபஸ்துக்குப் போயாச்சு." பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார்.

"நான் மாட்டேன்ப்பா" என்று போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"நானுந்தான் மாட்டேன். நீ செக்கிங் பாக்குற ஆளுதான? ஒரு கை பாத்துட்டுப் போயிரு. கேக்க யாரும் இல்ல இப்ப."

அழகுமீனா நாகையாவைப் பார்த்தாள். "போலீஸ் சொல்லுதாகல்ல, பாத்துட்டு வா" என்றார் நாகையா. சொல்லிவிட்டு சைக்கிள் சாவியைத் தேடுகிறவர்போலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு படியில் இறங்கினார். அவர்கள் வந்தது ராக்கப்பனின் பைக்கில்.

அவள் பெஞ்சை நோக்கி நடந்தாள். யக்கா என்று கூப்பிடுவார், அல்லது முகத்தில் காறித் துப்புவார் என்று நினைத்தாள். துப்பினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். மாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கட்டுப்போடாத கையை மட்டும் பக்கவாட்டில் விரித்தார். கண்ணை மூடவில்லை. அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மேல்பை. பக்கத்துப் பைகள் இரண்டு. இடுப்பில் கைலிச் சுருட்டு. கட்டுக்குக் கீழே விலா எலும்பில் கை பட்டபோது மாரி மூச்சை இழுத்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. முதுகில் தட்ட உயர்ந்த கையை அவள் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

"என்னம்மா, இருக்கா ஏதாச்சும்?" ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

"பையில ஒண்ணும் இல்லங்கய்யா" என்றாள் அழகுமீனா.

"நல்லாத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன் ஐயா. ஒண்ணும் இல்ல."

ரைட்டர் அதை எழுதிக்கொண்டார்.